பழைய எம்-3 ஆர்கன், லெஸ்லி ஸ்பீக்கர், ராக் பேண்ட்: பெடல் போதுமா, சுழலும் பெட்டியே வேண்டுமா?

மூஞ்சிக்கல்_கீஸ்
எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலில் நான்கு பேர் சேர்ந்து பேண்ட் வைத்திருக்கிறோம், வாசிப்பது பெரும்பாலும் எழுபதுகளின் ராக். தெரிந்தவர் ஒருவர் பழைய பங்களாவைக் காலி செய்யும்போது ஹாலில் கிடந்த ஹாமண்ட் எம்-3 ஆர்கனை "தூக்கிக்கொண்டு போனால் போதும்" என்று எங்களிடம் கொடுத்துவிட்டார். அமெரிக்க மிஷனரி குடும்பம் ஒன்று விட்டுப்போனதாம். பின்பக்கத் தகட்டில் 117 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று போட்டிருக்கிறது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. இரண்டு கேள்வி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாமா? அப்புறம், லெஸ்லி (உள்ளே ஒலியைச் சுழற்றி அனுப்புகிற ஸ்பீக்கர் பெட்டி) இல்லாமல் வாசித்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மாதிரிதான் கேட்கும் என்று எங்கள் பேஸ் வாசிப்பவன் சொல்கிறான். அந்தச் சுழற்சி மாதிரி ஒலிக்க வைக்கிற எஃபெக்ட் பெடல் (ரோட்டரி பெடல்) வாங்கினால் போதுமா, நிஜமாகவே சுழலும் பெட்டியைத் தேட வேண்டுமா?

குன்னூர்_வால்வு
தம்பி, கரண்ட் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே ஒரு நன்றி. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சைக்கிளைத் தொடாது. இந்த ஆர்கனின் சுருதியே அந்த சைக்கிளில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு சின்கரனஸ் மோட்டார் நீளமான அச்சு ஒன்றைச் சுற்றும், அதிலிருந்து கியர் வழியாக, ஓரத்தில் மேடு பள்ளம் வெட்டிய சின்ன இரும்புச் சக்கரங்கள் சுற்றும், ஒவ்வொரு சக்கரத்துக்கு எதிரிலும் ஒரு காந்தமும் காயிலும் இருக்கும். மேடு கடந்து போகிற வேகம்தான் ஸ்வரம். வால்வுகள் அதைப் பெருக்கத்தான். 60 சைக்கிளுக்குச் செய்த மோட்டாரை நம் 50 சைக்கிளில் விட்டால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். 440 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் சுமார் 367தான் வரும்.

பெருமாள்மலை_கிட்டார்
367 என்றால் கிட்டத்தட்ட எஃப் ஷார்ப். அப்படியானால் மூன்று செமிடோன் மேலே தள்ளி வாசித்தால் முடிந்தது. நான் கேப்போ போடுவதில்லையா?

குன்னூர்_வால்வு
எஃப் ஷார்ப் 370. நம்முடையது 366.7. சுமார் 16 செண்ட் குறைவு, நூறு செண்ட் ஒரு செமிடோன். தனியாக வாசித்தால் ஒருவருக்கும் தெரியாது. உங்கள் கிட்டாரோடு சேர்ந்தால் முதல் கார்டிலேயே பல் கூசும். நீங்கள் கம்பியை இறக்கி டியூன் பண்ணிக்கொள்ளலாம், ஆனால் வைப்ரேட்டோவும் அதே மோட்டாரோடுதான் ஓடுகிறது, அதுவும் மெதுவாகிவிடும். அமெரிக்க அடாப்டர் சாமான் மாதிரி நினைக்க வேண்டாம் இதை.

வழி இருக்கிறது. மோட்டார்களுக்கான வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிரித்துவிட்டு, மோட்டாருக்கு மட்டும் 60 சைக்கிள் தருகிற சைன் வேவ் இன்வர்ட்டர் கொடுங்கள், ஆம்புக்கு ஸ்டெப் டவுன். மோட்டார் அதிக வாட் கேட்காது, சின்ன இன்வர்ட்டரும் ஒரு கார் பேட்டரியும் தாங்கும். சைன் வேவ் என்பதை இரண்டு தடவை சொல்லி வாங்குங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் மோட்டார் சூடாகும், உறுமும். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரும் 60 சைக்கிளுக்குச் சுற்றியது, 50ல் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும், வோல்ட்டை 110 பக்கம் வைத்தால் நல்லது.

சவுண்ட்_மேட்டுப்பாளையம்
வால்வு அண்ணா சொன்னதில் எதிர்பாராத லாபம் ஒன்று இருக்கிறது. மலையில் நிகழ்ச்சி என்றால் பாதி நேரம் ஜெனரேட்டர்தான். 50 சைக்கிள் ஆர்கனை நேரடியாக ஜெனரேட்டரில் போட்டால், லைட்டுக்காரர் எல்லா லைட்டையும் ஒன்றாக ஏற்றும்போது இன்ஜின் திணறி 49க்கு இறங்கும், ஆர்கன் 35 செண்ட் இறங்கிவிடும், அது செமிடோனில் மூன்றில் ஒரு பங்கு. மின்வாரிய லைனில் அந்தப் பயம் இல்லை, கிரிட் 50ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனால் பேட்டரியில் ஓடுகிற இன்வர்ட்டருக்கு ஜெனரேட்டர் என்ன ஆனாலும் கவலை இல்லை. மேடையிலேயே சுருதி அசையாத ஆள் நீங்கள்தான்.

கோத்தகிரி_ஸ்னேர்
எம்-3 என்பது வீட்டு ஆர்கன் ஆயிற்றே? ராக் என்றால் பி-3, சி-3 மாதிரி பெரிய ஹாமண்ட் இல்லையா?

ஊட்டி_கொயர்
நான் சர்ச்சில் வாசிப்பவள், பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் பி-3யும் லெஸ்லி 122ம் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். பி-3யில் மேனுவலுக்கு (கையால் வாசிக்கிற கீ வரிசை) 61 கீ, காலுக்கு 25 பெடல். எம்-3யில் மேனுவலுக்கு 44 கீ, 12 பெடல். இடது கை கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும், அவ்வளவுதான். ஒலி உண்டாகும் முறை ஒன்றே. 1962ல் புக்கர் டி. ஜோன்ஸ் தன் குழுவோடு பதிவு செய்து உலகமெல்லாம் ஓடிய 'கிரீன் ஆனியன்ஸ்' எம்-3யில் வாசித்ததுதான். 1967ல் புரோகோல் ஹாரம் குழுவுக்காக மேத்யூ ஃபிஷர் வாசித்ததும் எம்-102, அதுவும் சின்ன வகைதான், லெஸ்லி வழியாக. கோத்தகிரி தம்பி, வீட்டு ஆர்கனைக் குறைத்துப் பேச வேண்டாம். பி-3 முழு செட்டாக 190 கிலோ பக்கம், கொடைக்கானல் ரோட்டில் குட்டி யானையில் ஏற்றி இறக்குபவர்களிடம் கேட்டால் எம்-3யே மேல் என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். லெஸ்லியை எஃபெக்ட் என்று நினைத்தால் பெடல் போதும். வாத்தியத்தின் மறுபாதி என்று நினைத்தால் கதை வேறு. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 800 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி மேலே இருக்கிற கொம்புக்குப் போகும். பார்க்க இரட்டைக் கொம்பு, ஆனால் ஒன்றில்தான் ஒலி வரும், மற்றது எடை சமன் செய்ய. கீழே 15 அங்குல ஸ்பீக்கர் தரையைப் பார்த்து அசையாமல் இருக்கும், அதன் கீழே ஒரு டிரம் சுற்றி ஒலியை நாலா பக்கமும் வீசும். கொம்பு ஒரு பக்கமாகச் சுற்றும், டிரம் எதிர்ப்பக்கமாக. கொம்பு நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும், சத்தமும் கூடிக் குறையும், அறையின் சுவரெல்லாம் வேறு வேறு நேரத்தில் திருப்பி அனுப்பும்.

இதில் வாசிப்பவருக்கு முக்கியமானது வேகம் மாறுகிற அந்த நேரம். மெதுவான சுற்று, வேகமான சுற்று, இரண்டுதான். வேகத்தில் கொம்பு நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு அருகில் போகும், மெதுவில் 50க்குள். ஸ்விட்சைத் தள்ளினால் எடை குறைந்த கொம்பு ஒரு நொடி வாக்கில் வேகம் பிடித்துவிடும், கனமான டிரம் பல நொடி எடுத்துக்கொண்டு பின்னால் வரும். அந்த இடைவெளியில் மேல் ஒலி துடிக்கத் தொடங்கிவிட்டது, அடி ஒலி இன்னும் மெதுவாக அசைகிறது, நீங்கள் கையை எடுக்காமல் ஒரே கார்டைப் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் பாட்டு நகர்கிறது. கோரஸ் வருவதற்கு ஒரு பார் முன்னால் ஸ்விட்சைத் தள்ளினால்தான் கோரஸில் இரண்டும் முழு வேகத்தில் இருக்கும். கோரஸ் வந்த பிறகு தள்ளினால் அது அடுத்த வரிக்குத்தான் பயன்படும். இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெருமாள்மலை_கிட்டார்
கொயர் அக்கா, மரியாதையோடு ஒரு மறுப்பு. ராக் ஆர்கன் என்றால் என் மனதில் டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட்தான். அவர் தன் ஹாமண்டை மார்ஷல் ஆம்பில் விட்டு அலற வைத்தவர். ரிச்சி பிளாக்மோரின் கிட்டாருக்குப் பக்கத்தில் நிற்க அதுதான் வேண்டியிருந்தது. சுழற்சி கேட்கும் இடங்கள் டீப் பர்ப்பிளில் உண்டு, ஆனால் அந்தக் கடுமை சுழற்சியால் வந்ததில்லை, ஓவர்டிரைவால் வந்தது. மூஞ்சிக்கல், என் கருத்து: ஒரு நல்ல டிரைவ், ஒரு ரோட்டரி பெடல். முடிந்தது.

ஊட்டி_கொயர்
லார்டைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அவர் லெஸ்லியையும் கைவிடவில்லை. தவிர, லெஸ்லி 122க்குள்ளேயே 40 வாட் வால்வு ஆம்ப் இருக்கிறது. காலில் இருக்கிற எக்ஸ்பிரஷன் பெடலை முழுதாக அழுத்தினால் அதுவே கரகரக்கும், கொஞ்சம் தளர்த்தினால் சுத்தமாகும். அந்த எல்லையில் காலை வைத்துக்கொண்டு வாசிப்பதுதான் கிரெக் ரோலி சந்தானாவில் வாசித்தது போன்ற ஒலிக்கு வழி. டிரைவ் பெடலில் கரகரப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்கும்படி வைத்துவிட்டு, அப்புறம் உயிர் இல்லை என்று சொல்கிறார்கள்.

கோத்தகிரி_ஸ்னேர்
அந்த சுழற்சி எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள், டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்து "ஆ" என்று கத்திப் பாருங்கள் என்றேன். "கோத்தகிரியில் எந்த வீட்டில் ஃபேன் இருக்கிறது" என்று கேட்டுவிட்டார்கள்.

சீரியஸாக ஒரு கேள்வி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. காற்று மெலிது. டாப்ளர், அதாவது கொம்பு வரும்போது ஏறி விலகும்போது இறங்கும் அந்தச் சுருதி மாற்றம், மாறுமா?

குன்னூர்_வால்வு
நல்ல கேள்வி. ஒலியின் வேகம் காற்றின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைத்தான் பார்க்கிறது. சென்னையில் 35 டிகிரியில் நொடிக்கு 352 மீட்டர், நம் ஊரில் 10 டிகிரி இரவில் 337. கொம்பின் வாய் நொடிக்கு 8 மீட்டர் அளவில் ஓடுகிறது என்று வைத்தால் சுருதி இரண்டு சொச்சம் சதவீதம் மேலேயும் கீழேயும் போகும், அரை செமிடோனுக்கும் உள்ளே. சென்னைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு சதவீதத்துக்குள் இருபத்தைந்தில் ஒரு பங்கு. காதுக்கு எட்டாது. ஆனால் ஊட்டிக்காரர்களின் லெஸ்லி ஒரு நூல் கூடுதலாக வளைகிறது என்று தாராளமாகப் பெருமை பேசலாம்.

குளிர் வேறு இடத்தில் வேலையைக் காட்டும். டோன்வீல் ஜெனரேட்டருக்கு, அதாவது அந்த இரும்புச் சக்கரங்கள் இருக்கிற பகுதிக்கு, ஆண்டுக்கு ஒரு முறை மெல்லிய எண்ணெய் விட வேண்டும், பருத்தி நூல்கள் வழியாக அது ஒவ்வொரு பேரிங்குக்கும் போய்ச் சேரும். பல வருடம் கிடந்த ஆர்கனில் அந்த எண்ணெய் பிசினாகி இருக்கும், டிசம்பர் காலையில் இன்னும் கெட்டி. ஸ்டார்ட் ஸ்விட்சை எட்டு நொடி பிடித்து ரன் போடு என்பது சம்பிரதாயம், நம் குளிரில் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டி வரலாம். ரன்னுக்கு மாற்றியதும் வேகம் விழுந்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், எண்ணெய் விட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். கைக்குக் கிடைத்த தையல் மெஷின் எண்ணெயை ஊற்ற வேண்டாம், ஹாமண்டுக்கென்றே தனி எண்ணெய் வருகிறது.

இன்னொன்று ஈரம். பீரோவில் துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க சின்ன பல்பு எரிய விடுவோமே, அதையே ஆர்கனின் பின்கதவுக்குள் செய்யுங்கள், மரத்திலிருந்தும் துணியிலிருந்தும் தள்ளி. மிஸ்ட் இறங்கும் மாதங்களில் கீக்குக் கீழே இருக்கிற காண்டாக்ட்டுகளுக்கு அது நல்லது.

மூஞ்சிக்கல்_கீஸ்
எல்லோருக்கும் நன்றி. காண்டாக்ட் என்றதும் ஞாபகம் வந்தது. பதிவுகளில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் ஒரு "டிக்" கேட்கிறதே, அது பழுதா?

ஊட்டி_கொயர்
லாரன்ஸ் ஹாமண்டுக்குப் பழுது, நமக்குப் பொக்கிஷம். ஒரு கீயை அழுத்தினால் ஒன்பது காண்டாக்ட் ஒன்றன்பின் ஒன்றாக மூடும், மிக மிக நெருக்கமாக, அதுதான் அந்த டிக். நிறுவனம் அதைக் குறைக்கப் பாடுபட்டது, ஏனென்றால் 1935ல் அவர்கள் விற்க நினைத்தது பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகளுக்கு. ஜாஸ்காரர்களும் ராக்காரர்களும் அந்த டிக்கைத் தாளமாக்கினார்கள். சர்ச்சில் வாசிக்கும்போது எனக்கும் அது இடைஞ்சல்தான், பேண்டில் அது இல்லாவிட்டால் டிரம்ஸுக்கு அடியில் ஆர்கன் காணாமல் போகும்.

லெஸ்லி கதையும் இதே போலத்தான். டான் லெஸ்லி வீட்டுக்கு ஹாமண்ட் வாங்கியபோது பெரிய கூடத்தில் கேட்ட கம்பீரம் சின்ன அறையில் வரவில்லை, அதற்காகத்தான் ஒலியைச் சுழற்றிப் பார்த்தார். 1941ல் விற்பனைக்கு வந்தது. ஹாமண்ட் நிறுவனம் அதை அண்டவே விடவில்லை, தங்கள் டீலர்கள் லெஸ்லி விற்பதை விரும்பவில்லை. லாரன்ஸ் ஹாமண்ட் 1973ல் இறந்த பிறகு, 1980ல்தான் அந்த நிறுவனமே லெஸ்லியை வாங்கியது. இரண்டையும் ஒன்று சேர்த்தவர்கள் வாசித்தவர்கள்தான்.

பெருமாள்மலை_கிட்டார்
சரி, வரலாறு அருமை. ஆனால் மூஞ்சிக்கல் எங்கே போய் லெஸ்லி வாங்குவான்? பழைய 122 வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கப்பல் கூலி, சுங்கம். நடைமுறையைப் பேசுங்கள்.

குன்னூர்_வால்வு
செய்யலாம். எளிய வகை ஒன்று இருக்கிறது. ஃபெண்டர் 1967ல் கிட்டார்காரர்களுக்கு வைப்ரடோன் என்று விற்றது லெஸ்லியின் ஒற்றை ரோட்டார் வகைதான்: 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, அதன் முன்னால் சுற்றுகிற ஃபோம் உருளை, கொம்பு கிடையாது. அந்த அமைப்பை ஒரு தச்சரும் ஒரு மோட்டார் வைண்டிங் தெரிந்தவரும் சேர்ந்து செய்துவிடலாம். பெட்டிக்கு நம் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் பலகையே போதும், உள்ளே பிளை. ரோட்டாரின் எடைச் சமன்தான் கஷ்டம். ஒரு பக்கம் சில கிராம் கூடினாலும் வேகத்தில் பெட்டி நடக்க ஆரம்பிக்கும். மோட்டாருக்கு டிசி மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டு போர்டும் வைத்தால் ஏற்ற இறக்க நேரத்தையும் நம் விருப்பத்துக்கு அமைக்கலாம்.

ஆனால் கொயர் அம்மா சொன்ன அந்தக் கொம்பு-டிரம் இடைவெளி இதில் வராது. ஒரே ரோட்டார், ஒரு நேரத்தில் ஒரே வேகம். அது வேண்டுமென்றால் இரண்டு ரோட்டார் செய்ய வேண்டும், அல்லது பெடல். இன்றைய நல்ல பெடல்கள் அந்த இரண்டு வேகத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுத் தருகின்றன, அதை நான் மறுக்கவில்லை.

சவுண்ட்_மேட்டுப்பாளையம்
மேடையில் நிற்கிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால்: நூறு பேர் உட்காரும் ஹாலில் நிஜப் பெட்டி அற்புதம், மைக்கே வேண்டாம். திறந்தவெளியில், கோடை விழா மாதிரி இடத்தில், மைக் போட்டே ஆக வேண்டும், கொம்புக்கு எதிரெதிராக இரண்டு, டிரம்முக்கு ஒன்று. கொம்பு வேகத்தில் சுற்றும்போது காற்று மைக்கில் புஸ் புஸ் என்று அடிக்கும், விண்ட் ஷீல்ட் இல்லாமல் வராதீர்கள். மைக்கை ரொம்ப ஒட்டி வைத்தால் சுழற்சி வெட்டு வெட்டாகக் கேட்கும், ஒரு அடியாவது தள்ளுங்கள். இவ்வளவும் செய்து முடித்து, பிஏ (கூட்டத்துக்கான ஸ்பீக்கர் அமைப்பு) மோனோவாக இருந்தால், முன்னால் உட்கார்ந்தவருக்குப் பெடலுக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. வாசிப்பவருக்குத் தெரியும். அது சின்ன விஷயமில்லை, அதையும் சொல்கிறேன், பின்னால் பெட்டி சுற்றுகிறது என்றால் அவர் வாசிப்பதே மாறுகிறது.

மூஞ்சிக்கல்_கீஸ்
இப்போதைக்கு ஒரு முடிவு: முதலில் எண்ணெய், இன்வர்ட்டர், அப்புறம் ரோட்டரி பெடல் ஒன்று, ஸ்விட்சை இடது கைக்குப் பக்கத்தில் வைத்து அக்கா சொன்ன ஒரு பார் முன்னால் தள்ளும் பழக்கம். ஒற்றை ரோட்டார் பெட்டி அடுத்து. வால்வு அண்ணே, பழைய லெஸ்லி எப்போதாவது விலைக்கு வந்தால் எம்-3க்கு எந்த மாடல்?

குன்னூர்_வால்வு
147. அல்லது அதே சாமான் குட்டையான பெட்டியில் வருகிற 145. 122 பி-3 மாதிரி கன்சோலின் பேலன்ஸ்டு அவுட்டுக்குச் செய்தது, 147 சாதாரண சிக்னலை எடுத்துக்கொள்ளும், எம்-3யின் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒரு சின்ன கிட் வழியாகக் கொடுக்கலாம். அதுவும் 60 சைக்கிள் பெட்டியாக வந்தால் இன்வர்ட்டர் வாங்காதீர்கள், கொம்பு மோட்டாரின் புல்லியில் மூன்று படி இருக்கும், பெல்ட்டைப் பெரிய படிக்கு மாற்றினால் கொம்பின் குறைந்த வேகம் ஓரளவு ஈடாகிவிடும். இந்தப் பெட்டிக்கு சுருதிப் பிரச்சினை இல்லை, வேகம் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. 122ல் வேகத்தை மாற்றுவது சிக்னல் வயரிலேயே போகிற டிசி. 147ல் அந்த வேக ஸ்விட்சுக்குள் மெயின்ஸ் கரண்டே ஓடுகிறது. பழைய ஸ்விட்ச், விரிசல் விட்ட வயர், ஈரக் கை, மூன்றும் சேரக் கூடாது. எர்த் இல்லாத இரண்டு பின் வயரை முதல் வேலையாக மாற்றுங்கள், ஆர்கனிலும் சேர்த்து. உள்ளே இருக்கிற ஃபில்டர் கண்டன்சர்களை ஆஃப் பண்ணிய பிறகும் தொடாதீர்கள், வால்வு வேலை தெரிந்தவர் டிஸ்சார்ஜ் பண்ணட்டும். அப்பக்கம் யாரும் கிடைக்காவிட்டால் தனிச் செய்தி போடுங்கள்.

பெருமாள்மலை_கிட்டார்
அந்த 16 செண்ட்டுக்காக நான் என் கிட்டாரை இறக்க மாட்டேன், இன்வர்ட்டரை முதலில் வாங்கு.